பேட்டரியை மட்டும் மாத்தினா போதாது!

ஆழியார் அணைக்குப் பக்கத்துல வேனை ஓரங்கட்டி, என்ஜினை ஆஃப் பண்ணாம ஐடில்ல ஓட விட்டுட்டு எங்க மாமா டீ குடிக்கப் போனாரு. ரெண்டு ராத்திரி வேன்லயே தங்கினதால உள்ள இருந்த பேட்டரி கிட்டத்தட்ட காலி. மேல வால்பாறைக்கு ஏறறதுக்குள்ள கொஞ்சம் சார்ஜ் ஆகட்டுமேங்கிறது அவரோட கணக்கு. அரை மணி நேரத்துல பானட்டுக்குள்ள இருந்து வார்னிஷ் கருகுற வாசனை. டேஷ்போர்டுல சிவப்பு பேட்டரி லைட். ஒரு வழியா பொள்ளாச்சி வந்து சேர்ந்து மெக்கானிக் கழட்டிப் பார்த்தா, ஆல்டர்னேட்டர் வைண்டிங் கருப்பா கருகி இருந்தது.

அதுக்குப் பத்து நாள் முன்னாடிதான் அந்த வேன்ல இருந்த டியூபுலர் பேட்டரியை எடுத்துட்டு லித்தியம் மாட்டினாரு. விற்றவர் சொன்னது ஒரே வரிதான்: "பழசைக் கழட்டுங்க, இதை மாட்டுங்க, அவ்ளோதான் சார்." அன்னிக்கு ராத்திரி மாமா எனக்கு போன் பண்ணி, "மாப்ள, நீ இஞ்சினியரிங்தான படிக்கிற? பேட்டரி புதுசு, வண்டி நல்லா இருக்கு, அப்புறம் எப்படிடா கருகும்?"னு கேட்டாரு. உடனே பதில் சொல்லத் தெரியல. ஒரு வாரம் உட்கார்ந்து படிச்ச அப்புறம்தான் புரிஞ்சது. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

கேம்பர் வேன் எல்லார்கிட்டயும் இருக்காது. ஆனா வீட்டு இன்வெர்ட்டர், ஃபுட் டிரக், மீன்பிடிப் படகு, சோலார் பம்ப் செட்னு எங்க பழைய பேட்டரியை எடுத்துட்டு லித்தியம் போட்டாலும் கேட்க வேண்டிய கேள்விகள் கிட்டத்தட்ட இதேதான்.

முதல்ல, எதுக்கு மாத்தணும்?

கேம்பர் வேன்ல ரெண்டு பேட்டரி இருக்கும். ஒண்ணு என்ஜினை ஸ்டார்ட் பண்ண. இன்னொண்ணு உள்ள இருக்கிற ஃபிரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாத்துக்கும். ரெண்டாவதை ஹவுஸ் பேட்டரின்னு சொல்லுவாங்க. நாம பேசப்போறது இந்த ரெண்டாவதைப் பத்தித்தான்.

மாமா வேனோட ஒரு நாள் செலவைக் கணக்குப் போட்டேன். 45 வாட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், ஒரு நாள்ல 40 சதவீத நேரம் ஓடினா 432 வாட்-அவர். 28 வாட் பிஎல்டிசி ஃபேன் 10 மணி நேரத்துக்கு 280. லைட் 50. போன், லேப்டாப் 150. தண்ணி மோட்டார் 20. மொத்தம் 932 வாட்-அவர்.

பழைய பேட்டரி 150 ஆம்பியர்-அவர், 12 வோல்ட். பெருக்கினா 1800 வாட்-அவர். "ரெண்டு நாளைக்கு வருமே"ன்னு தோணும். வராது. லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்கு மேல காலி பண்ணினா அதோட ஆயுள் வேகமா குறையும். அதனால நம்பி எடுக்கக்கூடியது 900 வாட்-அவர்தான். ஒரு நாளைக்கே பத்தல.

இன்னொரு பிரச்சனையும் இருக்கு. 150 ஆம்பியர்-அவர்ங்கிற ரேட்டிங், வழக்கமா 20 மணி நேரத்துல மெதுவா காலி பண்ணினா கிடைக்கிற அளவு. வேகமா இழுத்தா அதை விடக் கம்மியா கிடைக்கும். இதை 1897-லயே பாய்க்கெர்ட்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி ஃபார்முலாவா எழுதி வெச்சுட்டாரு. லித்தியத்துலயும் இந்த எஃபெக்ட் இருக்கு, ஆனா கண்டுக்க வேண்டாத அளவுதான்.

இப்ப லித்தியம் பக்கம் பாருங்க. 100 ஆம்பியர்-அவர், 12.8 வோல்ட், 1280 வாட்-அவர். அதுல 80 சதவீதத்தைத் தினமும் தாராளமா எடுக்கலாம், அதாவது 1024. எடை சுமார் 12 கிலோ. பழைய டியூபுலர் ஆசிட்டோட சேர்த்து 50 கிலோவுக்கு மேல. அதைத் தூக்கி வைக்கவே ரெண்டு ஆள் வேணும்.

நாம தூங்குற இடத்துல இது இருக்குங்கிறதையும் மறந்துடக் கூடாது. லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகி முடியற நேரத்துல ஹைட்ரஜன் வாயு விடும். காத்துல ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு ஸ்பார்க் போதும், தீப்பிடிக்கும். வீட்டு வராண்டாவுல பரவாயில்ல. கதவு, ஜன்னல் எல்லாம் மூடிட்டு கட்டிலுக்கு அடியில வெச்சுப் படுக்கிற பொருள் இல்ல அது.

எந்த லித்தியம்?

லித்தியம்னு சொன்னாலே தீப்பிடிச்ச ஸ்கூட்டர் வீடியோதான் நம்ம ஞாபகத்துக்கு வரும். ஆனா லித்தியம்ங்கிறது ஒரு குடும்பப் பேரு மாதிரி. உள்ள பல கெமிஸ்ட்ரி இருக்கு. வேன்ல போடறது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமா எல்எஃப்பி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஜான் குட்இனஃப் குழு இதைப் பத்தி 1997-ல பேப்பர் வெளியிட்டாங்க. பாதி, நஞ்சுண்டசுவாமின்னு ரெண்டு இந்தியப் பேரும் அந்தப் பேப்பர்ல இருக்கு. லித்தியம்-அயான் பேட்டரிக்காக 2019 வேதியியல் நோபல் பரிசு வாங்கின மூணு பேர்ல குட்இனஃப் ஒருத்தர். அப்ப அவருக்கு வயசு 97.

எல்எஃப்பி-யில பாஸ்பரஸும் ஆக்சிஜனும் ரொம்ப இறுக்கமா பிணைஞ்சிருக்கும். சூடானாலும் ஆக்சிஜன் அவ்வளவு சுலபமா வெளிய வராது. தீ எரிய ஆக்சிஜன் வேணும்ல? அதனாலதான் நிக்கல் வகைகளை விட இது நிதானமானது. ஆனா "தீயே பிடிக்காது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட் எரியக்கூடிய திரவம்தான். ஒயரிங் தப்பா இருந்தா எந்தக் கெமிஸ்ட்ரியும் காப்பாத்தாது.

ஒரு செல் 3.2 வோல்ட். நாலு செல்லை சீரிஸ்ல போட்டா 12.8. லெட்-ஆசிட்டோட 12 வோல்ட்டுக்கு கிட்டத்தட்டப் பொருந்துது. "கழட்டி மாட்டினா போதும்"ங்கிற பேச்சு வந்ததே இந்தப் பொருத்தத்தால. வோல்டேஜ் ஒத்துப்போறது உண்மை. குணம் ஒத்துப்போகல.

ஆல்டர்னேட்டர் ஏன் கருகுச்சு?

லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆக ஆக தானாவே "போதும் போதும்"னு சொல்ல ஆரம்பிக்கும். முதல்ல 40 ஆம்பியர் வாங்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கும். அதனால ஆல்டர்னேட்டருக்கு ரொம்ப நேரம் முழு வேலை இருக்காது. பழைய வேன்கள்ல ஸ்டார்ட்டர் பேட்டரியையும் ஹவுஸ் பேட்டரியையும் ஒரு சாதாரண ரிலே வெச்சு இணைச்சிருந்தது இந்தக் குணத்தை நம்பித்தான்.

எல்எஃப்பி-க்கு இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் கம்மி. கொடுக்கிறதை எல்லாம் வாங்கிக்கும், கிட்டத்தட்ட நிறையுற வரைக்கும் குறைக்காது. ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியர் கொடுத்தா 60-ஐயும் ஒரு மணி நேரம் விடாம வாங்கும்.

இதைச் சூடாக் கணக்குப் போடலாம். 60 ஆம்பியர், 14 வோல்ட், 840 வாட் அவுட்புட். ஆல்டர்னேட்டர் எஃபிஷியன்சி 55 சதவீதம்னு வெச்சுக்கோங்க. உள்ள போக வேண்டியது சுமார் 1530 வாட். மீதி 690 வாட் சூடா மாறுது. ஒரு அயர்ன் பாக்ஸை ஆன் பண்ணி பானட்டுக்குள்ள வெச்ச மாதிரி. ரோட்டுல ஓடறப்போ ஆல்டர்னேட்டருக்குள்ள இருக்கிற ஃபேன் வேகமா சுத்தும், சமாளிச்சுக்கும். ஐடில்ல ஃபேனும் மெதுவா சுத்துது, வெளிக்காத்தும் இல்ல. ஆழியார்ல நடந்தது இதுதான். மாமா பேட்டரிக்கு நல்லது பண்றதா நினைச்சு, ஆல்டர்னேட்டரை அதோட மோசமான நிலையில நிறுத்தி வெச்சுட்டாரு.

அந்த ரிலேவுலயும் ஒரு சிக்கல். ஒரு வகை ரிலே வோல்டேஜ் பார்த்து வேலை செய்யும். 13.3 தாண்டினா என்ஜின் ஓடுதுன்னு நினைச்சு சேர்க்கும், 12.8-க்குக் கீழ வந்தா பிரிக்கும். நிறைஞ்ச எல்எஃப்பி சும்மா இருக்கிறப்பவே 13.3 பக்கம்தான் நிக்கும். அப்ப என்ஜின் ஆஃப் ஆனாலும் ரிலே பிரியாம ரெண்டு பேட்டரியும் ஒட்டிக்கிட்டே இருக்க வாய்ப்பிருக்கு.

இதுக்குத் தீர்வு டிசி-டு-டிசி சார்ஜர். ஸ்டார்ட்டர் பேட்டரிக்கும் லித்தியத்துக்கும் நடுவுல உட்காரும். எவ்வளவு கேட்டாலும் 30 ஆம்பியருக்கு மேல தராது. லித்தியத்துக்குத் தேவையான வோல்டேஜை அதுவே உருவாக்கிக்கும். இக்னிஷன் ஆன் ஆனா மட்டும் வேலை செய்யற மாதிரி ஒரு சிக்னல் ஒயர் கொடுக்கலாம். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்த அப்புறம் வந்த பல வண்டிகள்ல ஆல்டர்னேட்டர் வோல்டேஜை கம்ப்யூட்டர் ஏத்தி இறக்கிக்கிட்டே இருக்கும். அந்த வண்டிகள்ல இது இல்லாம லித்தியம் ஒழுங்கா சார்ஜே ஆகாது.

30 ஆம்பியர்னா ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் சுமார் 390 வாட்-அவர். கூரையில 200 வாட் சோலார் பேனல், நல்ல வெயில் நாலரை மணி நேரம், நஷ்டம் 25 சதவீதம்னு வெச்சா 675. ரெண்டும் சேர்ந்தா 1065. நம்ம செலவு 932. கணக்கு சரியா வந்துடுச்சு. ஐடில்ல விட்டு சார்ஜ் பண்ண வேண்டிய அவசியமே இல்ல.

சார்ஜர் செட்டிங்: பழைய பழக்கத்தை மறக்கணும்

டியூபுலருக்கான பல சார்ஜர்கள்ல ஈக்வலைசேஷன்னு ஒரு மோட் இருக்கும். அப்பப்ப வோல்டேஜை 15-க்கு மேல ஏத்தி, பிளேட்ல படிஞ்ச சல்பேட்டைக் கரைக்கும். எல்எஃப்பி-யில சல்பேட்டே கிடையாது. 15.5 வோல்ட்டை நாலால வகுத்தா செல்லுக்கு 3.87. எல்எஃப்பி செல்லோட உச்சம் 3.65. அப்ப அந்த மோட் ஆஃப்ல இருந்தே ஆகணும்.

டெம்பரேச்சர் காம்பன்சேஷனும் அப்படித்தான். குளிர்ல லெட்-ஆசிட்டுக்கு வோல்டேஜ் கூட்டிக் கொடுக்கணும். எல்எஃப்பி-க்கு வேண்டாம். பொதுவா சார்ஜ் வோல்டேஜ் 14.2 முதல் 14.4, ஃப்ளோட் 13.5 பக்கம். ஆனா கடைசி வார்த்தை உங்க பேட்டரியோட டேட்டாஷீட்தான், இந்தக் கட்டுரை இல்ல. சோலார் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர், டிசி-டு-டிசினு சார்ஜ் பண்ற எல்லாத்துலயும் இந்த செட்டிங்கை மாத்தணும். ஒண்ணை மறந்தாலும் அது பழைய புத்தியிலயே வேலை செய்யும்.

அதே மாதிரி வோல்ட்மீட்டர் பார்த்து சார்ஜ் எவ்வளவு மீதின்னு சொல்றதும் இனிமே நடக்காது. லெட்-ஆசிட்ல 12.7 ஃபுல், 12.1 பாதின்னு ஓரளவு சொல்லிடலாம். எல்எஃப்பி 90 சதவீதத்துல இருந்து 20 சதவீதம் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ்ல நின்னுட்டு, கடைசியில சட்டுனு விழும். பெட்ரோல் முள்ளு பாதியிலயே நின்னுட்டு திடீர்னு காலி காட்டுற பைக் மாதிரி. உள்ள போற, வெளிய வர ஆம்பியரை எண்ற ஷண்ட் மீட்டர் ஒண்ணு கண்டிப்பா வேணும்.

பிஎம்எஸ்: பேர்ல மேனேஜர், வேலையில வாட்ச்மேன்

ஒவ்வொரு எல்எஃப்பி பேட்டரிக்குள்ளயும் பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்னு ஒரு போர்டு இருக்கும். வோல்டேஜ் ஏறினா, இறங்கினா, கரண்ட் கூடினா, சூடானா கேட்டை மூடும். "பிஎம்எஸ் இருக்கே, எல்லாத்தையும் அது பார்த்துக்கும்"னு சொல்றவங்க நிறைய. வாட்ச்மேன் இருக்காருன்னு வீட்டுக்கதவைத் திறந்து போட்டுட்டா தூங்கறோம்? பிஎம்எஸ் கடைசிப் பாதுகாப்பு. தினமும் அது வந்து நிறுத்துற நிலைமை வந்தா டிசைன் தப்புன்னு அர்த்தம்.

அது கேட்டை மூடற நேரமும் முக்கியம். ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியர் கொடுத்துட்டு இருக்கிறப்போ பிஎம்எஸ் சட்டுனு துண்டிச்சா, ஆல்டர்னேட்டர் உடனே நிக்க முடியாது. அதோட ஃபீல்டு காயில்ல இருக்கிற எனர்ஜி எங்கயாவது போகணும். வோல்டேஜ் ஒரு கணம் எகிறும். இதை லோடு டம்ப்னு சொல்லுவாங்க. டையோடு போகலாம், வண்டியோட எலக்ட்ரானிக்ஸ் போகலாம். ஸ்டார்ட்டர் பேட்டரி கூட இணைஞ்சிருந்தா ஓரளவு தாங்கிக்கும், ஆனா அதை நம்பி டிசைன் பண்ணக் கூடாது. நடுவுல டிசி-டு-டிசி இருந்தா இந்தப் பிரச்சனையும் அடங்கிடும்.

அப்புறம் இன்வெர்ட்டர். மாமா வேன்ல 1500 வாட் இன்வெர்ட்டர் இருந்தது. 1500-ஐ 0.9 எஃபிஷியன்சியால வகுத்து, 12.8-ஆல வகுத்தா 130 ஆம்பியர். பேட்டரியோட பிஎம்எஸ் லிமிட் 100. அத்தை இண்டக்‌ஷன் அடுப்பை ஃபுல்லா வெச்சா மொத்த வேனும் இருட்டு! மிக்சி மோட்டார் ஸ்டார்ட் ஆகுறப்போ ஓடறப்ப இழுக்கிறதை விட சில மடங்கு கரண்ட் இழுக்கும், அதையும் சேர்த்துப் பார்க்கணும். கடைசியில 1000 வாட் இன்வெர்ட்டருக்கு இறங்கினோம். 87 ஆம்பியர். அடுப்புக்கு கேஸ்.

ஒயரும் ஃப்யூஸும்

இதுல மிச்சம் பிடிக்கிறவங்கதான் அதிகம், ஆபத்தும் இங்கதான் அதிகம்.

87 ஆம்பியர், போக வர மொத்தம் 4 மீட்டர் காப்பர் ஒயர். பழைய 10 சதுர மில்லிமீட்டர் ஒயர்ல ரெசிஸ்டன்ஸ் 7 மில்லியோம். அதுல 0.61 வோல்ட் விழும், 53 வாட் சூடாகும். 35 சதுர மில்லிமீட்டர்னா 2 மில்லியோம். 0.17 வோல்ட், 15 வாட். முதல் செமஸ்டர்ல படிச்ச ஐ ஸ்கொயர் ஆர் தான், ஆனா பிளைவுட் பேனலுக்குப் பின்னாடி 53 வாட் சூடுன்னு நினைச்சுப் பார்த்தா அந்த ஃபார்முலாவுக்கே ஒரு மரியாதை வருது.

ஃப்யூஸ் ஒயரைக் காப்பாத்தத்தான் இருக்கு, இன்வெர்ட்டரை இல்ல. அதனால பேட்டரி பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அங்க வைக்கணும். எந்த ஃப்யூஸும் போட முடியாது. பேட்டரியோட ரெசிஸ்டன்ஸ் 5 மில்லியோம்னு வெச்சா, ஷார்ட் ஆனா 13 வகுத்தல் 0.005, அதாவது 2600 ஆம்பியர். சாதாரண ஃப்யூஸ் உருகினாலும் உள்ள ஆர்க் பிடிச்சு எரிஞ்சுட்டே இருக்கலாம். அதை நிறுத்தற திறன், அதாவது பிரேக்கிங் கெப்பாசிட்டி எவ்வளவுன்னு பார்த்து வாங்கணும். டி-கிளாஸ் ஃப்யூஸ் இதுக்குன்னே பேர் போனது.

வீட்டுல மிச்சமான ஏசி எம்சிபி-யை எடுத்து டிசி-யில மாட்டாதீங்க. ஏசி-யில கரண்ட் ஒரு செகண்டுக்கு 100 தடவை ஜீரோவைத் தொடும், ஆர்க் தானா அணையும். டிசி-யில அந்த ஜீரோ வராது.

வெயிலும் குளிரும்

எல்எஃப்பி-யை 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணக் கூடாது. லித்தியம் அயான்கள் கிராஃபைட்டுக்குள்ள போக முடியாம வெளிய உலோகமா படிஞ்சுடும், அது திரும்பாது. நமக்கு இது ஊட்டியில டிசம்பர், ஜனவரி உறைபனி ராத்திரிகள்லயும், லடாக் ட்ரிப்லயும்தான் வரும். சார்ஜ் எடுக்கிறதுல பிரச்சனை இல்ல, போடறதுலதான்.

நம்ம ஊர்ல எதிரி சூடு. மே மாசம் வெயில்ல பூட்டி நிறுத்தின வேனுக்குள்ள 50 டிகிரியைத் தாண்டும். பல டேட்டாஷீட்ல சார்ஜிங் லிமிட் 45 டிகிரி. என்ஜின் பக்கத்துலயோ வெயில் படற ஓரத்துலயோ வைக்காம, காத்து போற இடத்துல வைக்கணும். மாசக்கணக்கா வண்டியை எடுக்கலைன்னா 100 சதவீதத்துல விடாதீங்க, காலியாவும் விடாதீங்க. பாதி சார்ஜ்ல வெச்சு, எல்லா லோடையும் துண்டிச்சுடுங்க.

எல்லாரும் மாத்தணுமா?

இல்ல. இதை நேர்மையா சொல்லணும். டியூபுலர் பாதி வரை காலி பண்ணி 1000 தடவைன்னு வெச்சா, அது வாழ்நாள்ல கொடுக்கிறது 900 யூனிட் கரண்ட். எல்எஃப்பி 3000 தடவைன்னா 3072 யூனிட். மூணு மடங்குக்கு மேல. தினமும் ஓடற ஃபுட் டிரக்குக்கு இது தெளிவான லாபம். ஆனா வருஷத்துக்கு நாலு ட்ரிப் போறவங்க 3000 தடவையைத் தொடறதுக்குள்ள பேட்டரிக்கே வயசாயிடும். பேட்டரி விலையோட டிசி-டு-டிசி, ஷண்ட், ஒயர், ஃப்யூஸ் எல்லாத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. எடையும் வாயுவும்தான் காரணம்னா, அது வேற கணக்கு.

பணம் பத்தலைன்னு பழைய லெட்-ஆசிட்டையும் புது லித்தியத்தையும் பேரலல்ல போடறது மட்டும் வேண்டவே வேண்டாம். வண்டியோட அமைப்பையே மாத்தறதா இருந்தா மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐயும் ஒரு தடவை படிச்சுட்டு, ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டுச் செய்யுங்க.

போன மாசம் மாமா மறுபடியும் வால்பாறை போனாரு. புது ஆல்டர்னேட்டர், 30 ஆம்பியர் டிசி-டு-டிசி, 35 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ். 40 கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடிச்சுட்டு ஷண்ட் மீட்டரை போட்டோ எடுத்து அனுப்பினாரு. 71 சதவீதம். கீழ ஒரு வரி: "மாப்ள, இந்தத் தடவை டீ குடிக்கும்போது என்ஜினை ஆஃப் பண்ணிட்டேன்."